இந்த சர்டிபிகேட் செல்லுமா? சி.பி.ஆர். பயிற்சியின் அங்கீகாரமும் ஏற்பும்

பாளையங்கோட்டையிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு முயலும் நர்ஸ், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆள் அனுப்ப வேண்டிய சேஃப்டி ஆபீசர், கண்டக்டர் லைசென்ஸுக்கு மனுப்போடும் பையன், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் ஏறப்போகும் டெக்னீஷியன். முதலுதவிப் பயிற்சி என்றதும் இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இந்த சர்டிபிகேட் செல்லுமா அண்ணாச்சி?"

"எங்கே கொடுக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சி.பி.ஆர். என்பது இதயம் நின்றவரின் மார்பை அமுக்கி, மூச்சு கொடுத்து உயிர் காக்கும் முறை. எல்லா இடத்திலும் செல்லும் சி.பி.ஆர். சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. மேலே சொன்ன நான்கு பேருக்கும் நான்கு வெவ்வேறு தாள் வேண்டும். ஒருவருடையதை இன்னொருவர் கொண்டுபோனால் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும்.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கீகாரம் என்பது பயிற்சி தருபவரைப் பற்றியது. அவருடைய பாடத்திட்டத்தையும் மையத்தையும் பயிற்சியாளரையும் மேலே ஓர் அமைப்பு சோதித்து, எங்கள் பெயரில் நடத்தலாம் என்று அனுமதித்திருக்கிறது. ஏற்பு என்பது சான்றிதழை வாங்கிப் பார்ப்பவரைப் பற்றியது. அவருடைய விதிப்புத்தகத்தில் அந்த அமைப்பின் பெயர் இருக்கிறதா என்பதுதான் அங்கே விஷயம். வீட்டுப் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில் முறையாகப் பதிந்திருக்கும். ஆனாலும் அதை வைத்துக் கடன் தருவதா வேண்டாமா என்பதை வங்கி தன் விதிப்படிதான் முடிவுசெய்யும். இங்கேயும் அப்படித்தான். அங்கீகாரம் இல்லாத சான்றிதழை ஏற்பவர் அநேகமாக யாருமில்லை. அங்கீகாரம் இருப்பதாலேயே எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் இல்லை.

அங்கீகாரம் எங்கிருந்து இறங்கி வருகிறது

உச்சியில் இருப்பது இல்கோர் எனப்படும் சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு. 1992இல் அமைந்தது. இதயம் நின்றவருக்கு எது உயிர் தருகிறது, எது தரவில்லை என்று உலகெங்கும் வரும் ஆய்வுகளை அலசி, கருத்தொருமிப்பை வெளியிடுவது அதன் வேலை. அது வகுப்பு நடத்துவதில்லை, மையங்களுக்கு அனுமதி கொடுப்பதில்லை, யாருக்கும் கார்டும் தருவதில்லை. நோட்டீஸில் "இல்கோர் அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தால், அப்படி ஓர் அங்கீகாரமே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த படியில், அந்த அறிவியலை வைத்துத் தங்கள் நாட்டுக்கோ பகுதிக்கோ வழிகாட்டு நெறிகளும் பாடத்திட்டமும் எழுதும் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் (சுருக்கமாக ஏ.எச்.ஏ.), ஐரோப்பிய ரிசசிடேஷன் கவுன்சில், பிரிட்டனின் ரிசசிடேஷன் கவுன்சில் எல்லாம் இந்த வகை. நம் நாட்டில் இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் முயற்சியில் உருவான இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சில் இருக்கிறது. அது 2017இல் இந்தியச் சூழலுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. பொதுமக்களுக்கு மார்பு அழுத்தம் மட்டும் கொண்ட கோல்ஸ், மருத்துவமனைக்கு வெளியே பணியாற்றும் பயிற்சி பெற்றவர்களுக்கு பி.சி.எல்.எஸ்., மருத்துவமனைக்குள் இருப்பவர்களுக்கு சி.சி.எல்.எஸ். என்று மூன்று நிலைகள் அதில் உண்டு.

மூன்றாவது படி, அந்த அமைப்போடு ஒப்பந்தம் போட்ட பயிற்சி மையம். நான்காவது, அந்த மையத்தின் கீழ்ப் பதிவான பயிற்சியாளர். கடைசியில் உங்கள் கையில் வரும் கார்டு.

ஏ.எச்.ஏ. தானே திருநெல்வேலிக்கு வந்து வகுப்பு எடுப்பதில்லை. அதன் சர்வதேசப் பயிற்சி மையம் ஒன்றுதான் எடுக்கிறது. மதுரையிலோ சென்னையிலோ உள்ள மையத்தின் பயிற்சியாளர் ஜங்ஷன் பக்கம் ஒரு ஹாலைப் பிடித்து வகுப்பு நடத்தலாம். அதில் தவறில்லை. ஆனால் அவர் எந்த மையத்தின் கீழ் இருக்கிறார் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும். பயிற்சியாளர் பதவியும் நிரந்தரமல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் குறைந்தது நான்கு வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும். அவர் வகுப்பு எடுப்பதை மையத்தின் சார்பில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் கார்டு வராது. ரொம்பக் கெட்டிக்காரப் பயிற்சியாளராக இருப்பார், நன்றாகவும் சொல்லிக்கொடுப்பார், ஆனால் மையத்தோடு இருந்த பதிவு போன வருஷமே காலாவதியாகியிருக்கும். மாணவர் இரண்டு மாதம் கழித்தும் "கார்டு எப்போ சார் வரும்?" என்று போன் போட்டுக்கொண்டிருப்பார். பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

யார் எதைக் கேட்பார்கள்

கண்டக்டர் லைசென்ஸ் எளிய கதை. போக்குவரத்து அலுவலகத்தில் மனுவோடு முதலுதவிச் சான்றிதழ் வைக்க வேண்டும். நடைமுறையில் அங்கே தெரிந்த பெயர் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏ.எச்.ஏ. கார்டு வாங்கிக்கொண்டு போனாலும் இங்கே அதனால் பயனில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டிக்குக் குறையக் கூடாது என்றது. 500 பேருக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. இந்தக் கட்டுரைக்கு முக்கியமான வரி இன்னொன்று: ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அங்கே கிடைக்க வேண்டும். அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே எந்த அமைப்பின் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்டத்துக்குரிய தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்கக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் ஒரே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஃபைலை மூடினால், பகல் ஷிஃப்டுக்கு மட்டும்தான் ஆள் இருக்கிறார். இரவு ஷிஃப்டில் மயங்கி விழுந்தவருக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. லீவு, ஷிஃப்ட் மாற்றம் எல்லாம் கணக்கில் எடுத்து ஷிஃப்டுக்கு இரண்டு பேரையாவது அனுப்புங்கள்.

காற்றாலைக்குத் தனி உலகம். ராதாபுரம், பணகுடி, முப்பந்தல், கயத்தாறு வட்டாரங்களில் வேலைக்குப் போகும் டெக்னீஷியன்களிடம் பெரிய கம்பெனிகள் கேட்பது ஜி.டபிள்யூ.ஓ. என்ற உலகளாவிய காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. முதலுதவி அதில் ஒரு பகுதி. அதன் ஆயுள் இரண்டு ஆண்டு. இங்கே காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. விண்டா என்ற அவர்களுடைய தரவுத்தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் பயிற்சி விவரம் வர வேண்டும். வரவில்லையென்றால் பயிற்சி எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வார்கள். எண்பது மீட்டர் உயரத்தில் ஒருவருக்கு இதயம் நின்றால் என்ன செய்வது என்பது சாதாரண சி.பி.ஆர். வகுப்பில் வராது என்பதால், இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான்.

கப்பலுக்கும் அப்படியே. உவரி, இடிந்தகரை, கூடுதாழை, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள் மெர்ச்சண்ட் நேவிக்குப் போகும்போது எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்பாட்டின்படி அமைந்த எலிமென்டரி ஃபர்ஸ்ட் எய்ட் படிப்பை முடித்திருக்க வேண்டும். மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் அனுமதித்த நிறுவனத்தில் மட்டும்தான் அதை எடுக்க முடியும். நிறுவனத்தின் பெயர் டி.ஜி. ஷிப்பிங் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். நம்மூர்த் தனியார் மருத்துவமனை என்.ஏ.பி.எச். என்ற தேசிய மருத்துவமனைத் தர வாரியத்தின் அங்கீகாரத்துக்குப் போகிறதென்றால், நோயாளியோடு நேரடியாக வேலைசெய்பவர்கள் சி.பி.ஆர். பயிற்சி பெற்று அவ்வப்போது புதுப்பித்திருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பயிற்சிப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்க மாட்டார், வார்டில் நிற்கும் நர்ஸிடம் "இந்த பெட் நோயாளி பேச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். மருத்துவமனை தானே நடத்தும் உள்பயிற்சியும் இதற்குப் போதுமானதாகலாம். நடத்தியவர் தகுதி, தேதி, வருகை, தேர்வுத்தாள், செய்முறை மதிப்பீடு எல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த உள்பயிற்சித் தாள் அந்த மருத்துவமனைக் கேட்டைத் தாண்டினால் வெறும் தாள்.

பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலேயே முதலுதவியும், பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் வருகின்றன. அதனால் "எனக்குத்தான் காலேஜிலேயே சொல்லிக்கொடுத்தார்களே" என்று சிலர் விட்டுவிடுவார்கள். படித்தது உண்மை. ஆனால் வேலை கொடுப்பவர் கேட்பது காலாவதித் தேதி போட்ட கார்டை. மதிப்பெண் பட்டியல் அதற்கு ஈடாகாது.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் ஏ.எச்.ஏ. பி.எல்.எஸ். கார்டைத்தான் கேட்கிறார்கள். ஐ.சி.யூ., எமர்ஜென்சி வேலையென்றால் ஏ.சி.எல்.எஸ். என்ற மேல்நிலைப் பயிற்சியும் சேரும், குழந்தைகள் பிரிவென்றால் குழந்தைகளுக்கான பி.ஏ.எல்.எஸ். இவற்றின் ஆயுள் இரண்டு ஆண்டு, முடிகிற மாதத்தின் கடைசி நாள் வரை. போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாட்டு மையத்திலேயே மறுபடி எடுக்கச் சொல்வதும் உண்டு. பிரிட்டன் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ரிசசிடேஷன் கவுன்சிலின் ஐ.எல்.எஸ். (உடனடி உயிர்காப்பு) சான்றிதழ் ஓராண்டும் ஏ.எல்.எஸ். (மேல்நிலை உயிர்காப்பு) சான்றிதழ் நான்காண்டும் செல்லும். இங்கிருந்து பணம் செலவழித்து ஏ.எச்.ஏ. கார்டுடன் போவதற்கு முன், எடுத்துக்கொள்ளும் மருத்துவமனை அதைக் கேட்கிறதா, சேர்ந்தபின் அவர்களே பயிற்சி தருகிறார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எந்த அமைப்பின் கார்டு, எந்த நிலை, பாதி ஆன்லைன் பாதி நேரடி என்று நடந்த வகுப்பு செல்லுமா, சேரும் நாளில் கார்டில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு வகுப்பு தேடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் வகுப்பு, பிறகு கேள்வி.

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் வேலையும் சில நாள் வகுப்பில் வாங்கும் கார்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பி.எல்.எஸ். கார்டு ஒரு திறனுக்கான சான்று. தொழில் தகுதி அல்ல. அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்துக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்பும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் சான்றிதழ்ப் படிப்பும் தனியாக இருக்கின்றன. மூன்று நாள் வகுப்பை முடித்தால் 108இல் வேலை என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாற்றும் வார்த்தைகள்

"ஏ.எச்.ஏ. கைட்லைன்ஸ் படி நடத்தப்படும் பயிற்சி." இந்த வரிதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. வழிகாட்டு நெறிகள் பொதுவில் கிடைப்பவை. யார் வேண்டுமானாலும் படித்துச் சொல்லிக்கொடுக்கலாம். அது நல்ல பயிற்சியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஏ.எச்.ஏ. கார்டு வராது, அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்தான் வரும். "கைட்லைன்ஸ் படியா, கார்டே வருமா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

"ஐ.எஸ்.ஓ. 9001 பெற்றது." இது அந்த ஆபீஸின் நிர்வாக முறையைப் பற்றிய சான்று. ரசீது ஒழுங்காகப் போடுகிறார்கள், ஃபைல் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஓரளவு ஆதாரம். பொம்மையின் மார்பை எத்தனை சென்டிமீட்டர் அமுக்க வேண்டும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"அரசுப் பதிவு பெற்றது" என்று சொல்லி உத்யம் பதிவு எண்ணையோ டிரஸ்ட் பத்திர எண்ணையோ காட்டுவார்கள். சிறுதொழில் என்று பதிவுசெய்துகொள்வது பயிற்சிக்கான அனுமதி ஆகாது. தேசியக் கொடி நிறத்தில் பார்டர் போட்ட சான்றிதழைப் பார்த்ததும் கவர்மெண்ட் சர்டிபிகேட் என்று நினைத்துவிடுகிறோம். கீழே கையெழுத்துப் போட்டது யார், எந்த அதிகாரத்தில் என்று படிக்க வேண்டும்.

"ஓஷா அப்ரூவ்டு" என்று ஆன்லைன் விளம்பரங்களில் வரும். ஓஷா அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பு. எந்த முதலுதவிப் படிப்பையும் அது அங்கீகரிப்பதில்லை. கையால் செய்து பழகாத ஆன்லைன் வகுப்பு மட்டும் போதாது என்பதே அதன் நிலைப்பாடு.

"கிரெடிட் ஹவர்ஸ் உண்டு" என்பது உண்மையாக இருக்கும். மருத்துவ கவுன்சில் ஒரு கருத்தரங்குக்கு நேர மதிப்பு கொடுக்கிறது. உங்கள் தொடர்கல்விக் கணக்கில் அது சேரும். அதை வைத்து பி.எல்.எஸ். கார்டு இருக்கிறதென்று சொல்ல முடியாது.

பங்கேற்புச் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் வேறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 6 அன்று தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நாடு முழுக்க ஒரே நாளில் சி.பி.ஆர். விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தியது. பல கல்லூரி மாணவர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். அருமையான முயற்சி, இதைப் போல ஆண்டுக்கு நாலு நடக்க வேண்டும். ஆனால் "பங்கேற்றார்" என்று எழுதிய தாள், அந்த மாணவர் செய்து காட்டித் தேறினார் என்று சொல்லவில்லை. தேறினார் என்று எழுத ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஒரு முறையான வகுப்பு எப்படி இருக்கும்

அங்கீகாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேலே உள்ள அமைப்பு இத்தனை விதி போடுவது, கடைசியில் ஒரு மனிதர் ஒரு பொம்மையின் மார்பைச் சரியாக அமுக்குகிறாரா என்பதற்காகத்தான்.

ஐம்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேடையில் ஒரே ஒரு பொம்மை இருந்தால் அது சொற்பொழிவு. பி.எல்.எஸ். வகுப்பில் ஒரு பயிற்சியாளருக்கு ஆறு பேர், ஒரு பொம்மைக்கு மூன்று பேர் என்ற அளவில் இருக்க வேண்டும். பெரியவர் பொம்மை தவிர கைக்குழந்தைப் பொம்மையும், பயிற்சிக்கான ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்) கருவியும், வாய்வழி ஊத பாக்கெட் மாஸ்க்கும், பையை அமுக்கிக் காற்று கொடுக்கும் பேக் மாஸ்க்கும் இருக்க வேண்டும். ஏ.எச்.ஏ. 2019 ஜனவரி 31 முதல், பெரியவர் சி.பி.ஆர். வகுப்பில் அழுத்தத்தின் வேகத்தையும் ஆழத்தையும் அப்போதைக்கப்போதே காட்டும் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பச்சை விளக்கு எரியும், அல்லது திரையில் எண் ஓடும். இது இல்லாத வகுப்பில் மாணவர் தான் சரியாக அமுக்குவதாக நினைத்துக்கொண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுவார்.

பார்க்கப்படும் அளவுகள் இவை. மார்பு குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும், 6 செ.மீ. தாண்டக் கூடாது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். அதாவது 30 அழுத்தம் 15 நொடிக்குக் குறையாமலும் 18 நொடியைத் தாண்டாமலும் முடிய வேண்டும். தேர்வு எடுப்பவர் கையில் ஸ்டாப்வாட்ச் இல்லையென்றால் இதை எப்படிப் பார்ப்பார்? பிறகு இரண்டு மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நொடி, மார்பு எழும்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இடைவெளி பத்து நொடிக்குள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கைக்குழந்தைக்கு ஆழம் சுமார் 4 செ.மீ.; இரண்டு பேர் சேர்ந்து செய்தால் 30க்கு 2 என்பது 15க்கு 2 ஆகிவிடும்.

தவறுகளும் எப்போதும் அதே தவறுகள்தான். முழங்கை மடங்கும், உடனே ஆழம் குறையும். அமுக்கிய பிறகு கையை முழுதாகத் தளர்த்தாமல் மார்பின் மேல் சாய்ந்தே இருப்பார்கள். அப்போது இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்புவதில்லை, அடுத்த அழுத்தத்தில் தள்ள ஒன்றும் இருக்காது. பதற்றத்தில் வேகம் 140க்குப் போகும். வேகம் கூடக்கூட ஆழம் போய்விடும். கை மெல்ல வயிற்றுப் பக்கம் நகரும். நோயாளியை ஸ்பிரிங் கட்டிலிலேயே வைத்து அமுக்குவார்கள். மார்புக்குப் பதில் மெத்தைதான் இறங்கும். நல்ல பயிற்சியாளர் இவை ஒவ்வொன்றையும் உங்கள் கையைத் தொட்டுத் திருத்துவார். ஆன்லைனில் மட்டும் முடியும் படிப்புக்கு மருத்துவமனைகள் மதிப்புக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் முழங்கையை யாரும் பார்க்கவில்லை. பாடத்தை ஆன்லைனில் படித்துவிட்டுச் செய்முறைக்கு மட்டும் நேரில் வரும் கலப்பு முறை வேறு, அதற்கு ஏ.எச்.ஏ.யே அதே கார்டைத் தருகிறது.

கடைசியில் தேர்வு. பி.எல்.எஸ்.ஸில் 25 கேள்வி, 84 சதவீதம் வேண்டும். அதாவது 21 சரியாக இருக்க வேண்டும். செய்முறையில் பெரியவர் சி.பி.ஆர்., ஏ.இ.டி. ஒன்று, கைக்குழந்தை சி.பி.ஆர். ஒன்று. வந்தவர் எல்லோரும் தேறினார்கள், யாரையும் இரண்டாம் முறை செய்யச் சொல்லவில்லை என்றால் மதிப்பீடு தளர்வாக நடந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி செய்யச் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. செய்யவைக்கும் மையமே நல்ல மையம்.

கார்டு கைக்கு வந்த பிறகு

ஏ.எச்.ஏ. கார்டு இப்போது மின்கார்டாக வருகிறது. அதில் உங்கள் பெயர், கொடுத்த தேதி, புதுப்பிக்க வேண்டிய தேதி, மையத்தின் பெயரும் எண்ணும், பயிற்சியாளர் பெயரும் எண்ணும், கார்டின் தனிக் குறியீடு, க்யூ.ஆர். கட்டம் எல்லாம் இருக்கும். அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தோ, குறியீட்டை ஏ.எச்.ஏ. இணையதளத்தில் போட்டோ வேலை கொடுப்பவர் சரிபார்ப்பார். அதை அவருக்கு முன்னால் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஸ்கேன் ஆகவில்லையென்றால் அது படம் மட்டும்தான்.

பதிவின்போது உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். மையத்தின் மின்னஞ்சலில் மொத்தமாகப் பதிந்துவிட்டு பி.டி.எஃப். மட்டும் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அந்த மையம் மூடிவிட்டால் உங்கள் கார்டை நீங்களே திறக்க முடியாது.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கார்டில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும், நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். வெளிநாட்டுச் சான்றிதழ்ச் சரிபார்ப்பில் இந்த மூன்றும் மூன்று ஆட்களாகத் தெரியும். வகுப்பு நாளன்று வருகைத்தாளில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் எழுதுங்கள். கார்டு வந்த அன்றே சரிபாருங்கள். அப்போது திருத்துவது சுலபம், ஆறு மாதம் கழித்தால் அலைச்சல்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. கார்டு இரண்டு வருஷம் செல்லும். கை அவ்வளவு நாள் தாங்காது. பயிற்சிக்குப் பிறகு சில மாதங்களிலேயே திறன் மங்கத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அதனால்தான் சில மருத்துவமனைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டிலேயே பொம்மையை வைத்துப் பத்து நிமிஷம் பழக வைக்கின்றன. கார்டு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பத்து நிமிஷம் தேவை.

சான்றிதழே தேவைப்படாதவர்கள்

கோயில் கொடைக்குத் தொண்டு செய்பவர், பள்ளி வேன் ஓட்டுநர், வீட்டில் இதயநோயாளியை வைத்திருக்கும் குடும்பம் ஆகியோரிடம் யாரும் கார்டு கேட்கப் போவதில்லை. இவர்களுக்கு அழுத்தம் மட்டும் கொண்ட கோல்ஸ் பயிற்சி நல்ல தொடக்கம். அனுமதி இல்லாமல் தொட்டால் கேஸ் வருமோ என்ற பயம் நம்மூரில் நிறைய இருக்கிறது. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. 2019இல் திருத்தமாகச் சேர்ந்தது. கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு என்று அதில் இல்லை.

ஆனால் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் படித்துறைகளிலும் நீரில் மூழ்கியவரைத் தூக்குகிறோம். அவருடைய இதயம் நின்றது மூச்சு அடைத்ததால். ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். அவருக்கு மார்பு அழுத்தம் மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் மூச்சிலிருந்தே தொடங்க வேண்டும். ஆற்றங்கரைத் தொண்டர்களுக்கோ, நீச்சல் குளப் பணியாளருக்கோ, கிணறு தூர் வாரும் குழுவுக்கோ வகுப்பு ஏற்பாடு செய்பவர்கள், கோல்ஸோடு நிறுத்தாமல் 30க்கு 2 முழுமையாகக் கற்றுத்தரும் வகுப்பையே கேட்க வேண்டும். ஆளுக்கொரு பாக்கெட் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வாயோடு வாய் வைக்கத் தயங்குபவர்கூட மாஸ்க் இருந்தால் ஊதிவிடுவார். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது என்று கரையில் நடக்கும் பழைய பழக்கங்களை நிறுத்தச் சொல்லி, அந்த வகுப்பிலேயே கரையில் நிற்பவர்களையும் உட்கார வைத்து, ஒருவர் 108க்குப் பேசுவதையும் இன்னொருவர் கூட்டத்தை விலக்குவதையும் சேர்த்தே பழக்கிவிட வேண்டும்.